மார்செல் வான்

மார்செல் வான் (மார்ச் 15, 1928 – ஜூலை 10, 1959) வியட்நாம் நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி ஆவார். இவரது இயற்பெயர் நுயென் தன் வான். திருமுழுக்குப் பெயர் யோவாக்கிம். குருவாக வேண்டும் என்ற விருப்பத்துடன் ஏழாம் வயதிலேயே வீட்டை விட்டுச் சென்ற இவர், சிறு குருமடத்தில் சில மாதங்கள் பயின்றார். பின்னர் குருத்துவ ஆசையைக் கைவிட்டு, இரட்சகர் சபை எனப்படும் ரிடெம்டரிஸ்ட் துறவற சபையில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். 1954இல் வியட்நாம் இரண்டாகப் பிரிந்தபோது பாதுகாப்பான தெற்கிலிருந்து கம்யூனிச ஆட்சியின் கீழ் வந்த வடக்கிற்குத் தாமாக விரும்பித் திரும்பினார். 1955இல் கைது செய்யப்பட்டு, 15 ஆண்டு தண்டனை பெற்று, முகாமிலேயே 31ஆம் வயதில் இறந்தார். இவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான நடவடிக்கை 1997இல் தொடங்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

வியட்நாமில் கத்தோலிக்கம் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மறைபரப்பாளர்களால் பரவியது. தொடக்கம் முதலே அது அரசுகளின் ஐயத்திற்கும் தடைகளுக்கும் உள்ளாகி வந்தது. உள்நாட்டவரைக் குருக்களாக உருவாக்குவதற்காகப் பாரிசு வேதபோதக சபையினர் 1665இல் சயாமின் தலைநகரான அயூத்தியாவில் ஒரு குருமடத்தைத் தொடங்கினர். பர்மியப் படையெடுப்பின் காரணமாக அது 1765இல் அங்கிருந்து பெயர்ந்து, பின்னர் இன்றைய தென் வியட்நாம் கரையிலுள்ள ஹோன் டாட் என்னும் இடத்தில் இயங்கியது. அதன் பொறுப்பாளரான பிரெஞ்சுக் குரு பிக்னோ தெ பெகேன் 1768இல் கழுத்தில் பலகை மாட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டில் குருமடமே தாக்கி அழிக்கப்பட்டது.

உயிர் தப்பிய மாணவர்களும் ஆசிரியர்களும் கடல் கடந்து 1770இல் சோழமண்டலக் கரைக்கு வந்து, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்திற்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் குருமடத்தை மீண்டும் அமைத்தனர். வடக்கே மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் அதே கடற்கரையில் உள்ள மீனவர் ஊர் இது. பிக்னோ 1774இல் மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இயேசு சபை ஒடுக்கப்பட்ட பின், 1776இல் புதுச்சேரி மறைத்தளமும் இதே பாரிசு சபையின் பொறுப்பில் வந்தது. வீராம்பட்டினத்துக் குருமடம் சில ஆண்டுகளே நீடித்தது. பின்னர் 1808இல் பினாங்குத் தீவில் அது மீண்டும் உயிர் பெற்றது.

இவ்வாறு, துன்புறுத்தலுக்கு உள்ளான வியட்நாம் குருமாணவர்களுக்குத் தமிழ்க் கடற்கரை ஒருமுறை அடைக்கலம் தந்துள்ளது. ஆனால் எல்லோருக்கும் அடைக்கலம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மின் மாங், து டுக் ஆகிய பேரரசர்களின் ஆட்சியில் கத்தோலிக்கர் பலர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் உட்பட வியட்நாம் மறைசாட்சிகள் 117 பேருக்கு 1988 ஜூன் 19 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர் பட்டம் வழங்கினார். 1838இல் கொல்லப்பட்ட தோமா தியென் என்ற இளம் குருமாணவரும் அவர்களுள் ஒருவர். மார்செல் வான் பிறந்த வடக்குப் பகுதியில், டோங்கின் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட நாட்டில், இந்நினைவுகள் கத்தோலிக்கக் குடும்பங்களில் உயிருடன் இருந்தன. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையாவது குருவாக வேண்டும் என்பது பெற்றோர் பலரின் வேண்டுதலாக இருந்தது.

பிறப்பும் குடும்பமும்

வான் 1928 மார்ச் 15 அன்று பாக் நின் மாகாணத்தின் ஙாம் ஜாவோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தையற்காரர்; தாய் வீட்டைக் கவனித்ததோடு வயல் வேலையும் செய்தவர். பெற்றோர் இருவரும் பக்தி மிக்கவர்கள். 1932இல் தங்கை தே பிறந்தபோது, குழந்தையைவிட்டு ஒரு கணமும் அகலாத அளவுக்கு வான் அவள்மேல் பாசம் காட்டினார். இதனால் வீட்டார் அவரைச் சில காலம் அத்தை வீட்டில் விட்டுவைத்தனர். மென்மையான உள்ளம் கொண்ட சிறுவராக இருந்த அவருக்கு இப்பிரிவு முதல் துன்பமாக அமைந்தது.

சிறு வயதிலேயே செபமாலை செபிப்பதில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. புதுநன்மை வாங்கிய சில காலத்திற்குள், தாம் குருவாக விரும்புவதாகத் தாயிடம் கூறினார்.

ஹியூ பாங் பங்கு இல்லத்தில்

அக்காலத்தில் டோங்கின் பகுதியில் குருவாக விரும்பும் சிறுவர்கள் நேராகக் குருமடத்தில் சேர்வதில்லை. முதலில் ஒரு பங்குத்தந்தையின் இல்லத்தில் தங்கி, அங்குள்ள உபதேசியார்களிடம் எழுத்தும் மறைக்கல்வியும் கற்க வேண்டும். இல்லத்தின் சிறு வேலைகளையும் செய்ய வேண்டும். தகுதி உள்ளவர்களைப் பங்குத்தந்தை பின்னர் சிறு குருமடத்திற்கு அனுப்புவார். 1935இல் வானின் தாய் அவரை ஹியூ பாங் என்ற ஊரின் பங்கு இல்லத்தில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது ஏழு.

இங்கே அவர் பட்ட துன்பங்கள் அவரது தன்வரலாற்றின் பெரும் பகுதியை நிரப்புகின்றன. உபதேசியார் ஒருவர் அவரை இரவு நேரங்களில் தம் அறைக்கு அழைத்து மூங்கில் கழியால் அடித்தார்; தகாத முறையிலும் நடந்துகொள்ள முயன்றார். அடிக்கடி நற்கருணை வாங்கும் சிறுவனின் பக்தியே கேலிக்கும் தண்டனைக்கும் காரணமாயிற்று. அதனால் அவர் நற்கருணை வாங்கவே அஞ்சும் நிலை ஏற்பட்டது. இது வெளியில் தெரிய வந்தபின் அந்த உபதேசியார் விலக்கப்பட்டார் என்றாலும், இல்லத்தின் சூழல் மாறவில்லை.

இதற்கிடையில் குடும்பமும் சரிந்தது. வெள்ளத்தால் அவர்களது ஊர் பாதிக்கப்பட்டது. அண்ணன் கண்பார்வையை இழந்தார். மனமுடைந்த தந்தை சூதாட்டத்தில் இறங்கினார். மகனின் செலவுக்குப் பணம் அனுப்ப வீட்டாரால் முடியவில்லை. பணம் வராத சிறுவன் மாணவன் என்ற நிலையிலிருந்து கூலியில்லா வேலையாள் நிலைக்குத் தள்ளப்பட்டான். படிப்பு நின்றது. துணி துவைப்பது, தண்ணீர் சுமப்பது, குருவின் வீட்டைக் காப்பது ஆகியவை அவர் கடமைகளாயின.

வான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அங்கிருந்து ஓடிப்போனார். ஒரு முறை சில நாட்கள் தெருவில் பிச்சை எடுத்து வாழ்ந்தார். ஊர் திரும்பியபோது வீட்டில் ஆறுதல் கிடைக்கவில்லை. பங்கு இல்லத்திலிருந்து ஓடிவந்தவன் குற்றவாளியாகத்தான் இருப்பான் என உறவினர் நம்பினர். பெற்றோரும் அவரை மீண்டும் ஹியூ பாங்குக்கே அனுப்ப விரும்பினர். தாயின் அன்பையும் இழந்துவிட்டதாக எண்ணிய காலம் இது என அவர் பின்னாளில் எழுதினார்.

பிற்காலத்தில் கம்யூனிச அரசின் முகாமில் இறந்ததால், வானின் துன்பம் முழுவதையும் அவ்வரசுடன் மட்டுமே இணைத்துக் காண்பது வழக்கம். ஆனால் அவரது வாழ்வின் முதற்பாதித் துன்பங்கள் திருச்சபையின் நிறுவனங்களுக்குள்ளேயே, அவற்றில் பணியாற்றியவர்களால் ஏற்பட்டவை. அவரது தன்வரலாறு இதை மறைக்கவில்லை.

1940 கிறிஸ்துமசு

1940ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுத் திருப்பலியின்போது வானுக்கு ஓர் உள்மாற்றம் ஏற்பட்டது. அவர் எழுதியுள்ளபடி, நற்கருணை வாங்கிய வேளையில் தமது துன்பத்திற்கு ஒரு பொருள் உண்டு என உணர்ந்தார். துன்பத்தை மகிழ்ச்சியாக மாற்றுவதே தமக்குத் தரப்பட்ட பணி என்று புரிந்துகொண்டார். வெளிச் சூழலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஆனால் அன்றுமுதல் அச்சம் அவரைவிட்டு நீங்கியது. தாம் ஓடிவந்த ஹியூ பாங் இல்லத்திற்கே மீண்டும் சென்று வாழ அவர் முன்வந்தார். வெறுத்த இடத்திற்கு விரும்பித் திரும்புதல் என்ற இச்செயல் அவர் வாழ்வில் மீண்டும் ஒருமுறை, இதனினும் பெரிய அளவில், நிகழவிருந்தது.

சிறு குருமடம்

1942இன் தொடக்கத்தில் வான் சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் நகரின் சிறு குருமடத்தில் சேர்க்கப்பட்டார். ஏழாம் வயதில் கிளம்பிய பயணம் ஏழு ஆண்டுகள் கழித்துக் குருமடத்தின் வாயிலை எட்டியது. அங்கே அவர் நல்ல ஆசிரியர்களையும் நண்பர்களையும் பெற்றார். சாரணர் பயிற்சியிலும் ஈடுபட்டார். அவர் மகிழ்ச்சியாகக் கழித்த பள்ளிக்காலம் இது ஒன்றே எனலாம்.

இம்மகிழ்ச்சி ஏறக்குறைய ஆறு மாதங்களே நீடித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. 1940 முதல் ஜப்பானியப் படைகள் பிரெஞ்சு இந்தோசீனாவில் நிலைகொண்டிருந்தன. லாங் சோன் குருமடம் மூடப்பட்டது. மாணவர்களுள் சிலர் டொமினிக்கன் சபைக் குருக்களின் பொறுப்பிலிருந்த குவாங் உயென் பங்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டனர். வானும் அவர்களுள் ஒருவர்.

புனித தெரேசாவும் குருத்துவ ஆசையின் முடிவும்

குவாங் உயெனில் வானுக்கு ஒரு நூல் கிடைத்தது. அது குழந்தை இயேசுவின் புனித தெரேசா எழுதிய ஓர் ஆன்மாவின் வரலாறு என்பதாகும். பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்து 1897இல் 24ஆம் வயதில் இறந்த தெரேசா, பெரும் செயல்கள் அல்ல, அன்றாடச் சிறு செயல்களை அன்புடன் செய்வதே இறைவனை அடையும் வழி எனக் கற்பித்தவர். இது சிறுவழி என அழைக்கப்படுகிறது. தெரேசாவுக்கு வியட்நாம்மீது தனிப் பற்று இருந்தது. 1861இல் ஹனோயில் தலை வெட்டப்பட்டு இறந்த பிரெஞ்சு மறைபரப்பாளர் தியோபன் வெனார் அவரது உள்ளம் கவர்ந்த மறைசாட்சி. ஹனோய் கார்மேல் மடத்திற்குச் செல்லவும் அவர் விரும்பினார். நோயினால் அது நிறைவேறவில்லை.

புனிதர்கள் எனப்படுவோர் கடுந்தவம் புரிந்தவர்கள், தம்மால் அவ்வாறு ஆக இயலாது என அதுவரை எண்ணியிருந்த வானுக்கு இந்நூல் பெரும் விடுதலையாக அமைந்தது. இதன்பின் புனித தெரேசா தம்முடன் ஓர் அக்காவைப் போல உரையாடியதாக அவர் எழுதியுள்ளார். அவ்வுரையாடல்களில் ஒன்றில், அவர் குருவாகப் போவதில்லை என்று தெரேசா கூறியதாகவும், அதைக் கேட்டுத் தாம் அழுததாகவும் குறிப்பிடுகிறார். இவ்வனுபவங்கள் அவரது சொந்தக் கூற்றுகள் ஆகும். இவை எவ்வாறு விளக்கப்பட்டாலும், ஒரு செய்தி உறுதியானது: சிறுவயது முதல் எல்லாத் துன்பத்தையும் எதற்காகத் தாங்கினாரோ, அந்தக் குருத்துவ ஆசையை அவர் இக்காலத்தில் கைவிட்டார். குருவாக அல்லாமல், மறைந்து வாழும் துறவறச் சகோதரராக இருப்பதே தமது அழைப்பு என முடிவு செய்தார்.

கருப்பு அங்கி அணிந்த ஒருவர் தம்மிடம் வந்ததாக அவர் ஒரு கனவும் கண்டார். பின்னர் ஒரு திருவுருவத்தைப் பார்த்தபோது, அவர் இரட்சகர் சபையை நிறுவிய புனித அல்போன்சு லிகோரி என அறிந்துகொண்டார்.

இரட்சகர் சபையில்

இரட்சகர் சபையின் கனடா நாட்டுத் துறவியர் 1925இல் வியட்நாமுக்கு வந்து பணி தொடங்கியிருந்தனர். ஹனோயின் தாய் ஹா பகுதியில் அவர்களுக்கு ஓர் இல்லம் இருந்தது. உருவத்தில் சிறியவராகவும் நலிந்தவராகவும் இருந்த வானைச் சேர்த்துக்கொள்வதில் முதலில் தயக்கம் காட்டப்பட்டது. 1944 அக்டோபரில் அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டு, மார்செல் என்ற துறவறப் பெயரைப் பெற்றார்.

நாடு கொந்தளித்த ஆண்டுகள் அவை. 1944–45இல் டோங்கினில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அதில் இறந்தோர் தொகை 4 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. 1945 மார்ச்சில் ஜப்பானியர் பிரெஞ்சு நிருவாகத்தைக் கவிழ்த்தனர். செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் ஹனோயில் விடுதலையை அறிவித்தார். 1946 டிசம்பரில் பிரான்சுக்கும் வியட் மின் படைக்கும் இடையே முழுப் போர் மூண்டது. இந்நகரின் நடுவே வான் நவதுறவியாக வாழ்ந்து, 1946 செப்டம்பர் 8 அன்று முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார்.

1950இல் சைகோன் இல்லத்திற்கும், 1952இல் மலைநகரான டா லாட்டிற்கும் மாற்றப்பட்டார். 1952 செப்டம்பர் 8 அன்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். இல்லத்தின் அன்றாட வேலைகளே அவர் பணி. உடன் வாழ்ந்தோருள் பலர் அவரிடம் சிறப்பு எதையும் காணவில்லை.

எழுத்துகள்

நவதுறவியருக்குப் பொறுப்பாக இருந்த கனடா நாட்டுக் குரு அந்தோனியோ பூஷே, வானின் ஆன்ம வழிகாட்டி ஆனார். வானின் அனுபவங்களைக் கேட்ட அவர், அவற்றை எழுதி வைக்குமாறு பணித்தார். அதன்படி வான் வியட்நாமிய மொழியில் தமது தன்வரலாற்றை எழுதினார். இயேசு, மரியா, தெரேசா ஆகியோருடன் நிகழ்ந்தவையாக அவர் கூறிய உரையாடல்களையும், நூற்றுக்கணக்கான மடல்களையும், பிற குறிப்புகளையும் எழுதினார். முறையான பள்ளிக் கல்வியை மிகக் குறைவாகவே பெற்ற ஒருவரின் எழுத்துகள் இவை என்பது குறிப்பிடத்தக்கது.

உரையாடல்களில் பிரான்சு நாட்டுக்காக வேண்டுதல் செய்வது அடிக்கடி இடம்பெறுகிறது. வான் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளை நேரில் கண்டவர். பிரெஞ்சுக்காரர்மீது தமக்கு இருந்த வெறுப்பை ஒளிக்காமல் எழுதியவர். அந்த வெறுப்பை வென்று அவர்களுக்காக வேண்டக் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகிறார். பூஷே பின்னாளில் இவ்வெழுத்துகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அவை நான்கு தொகுதிகளாக வெளிவந்து, பிரான்சில் பல வாசகர்களைப் பெற்றன.

நாட்டுப் பிரிவினையும் வடக்கு நோக்கிய பயணமும்

1954 மே 7 அன்று டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வியட் மின் படையிடம் தோற்றது. ஜூலை 21 அன்று முடிவான ஜெனீவா உடன்பாட்டின்படி வியட்நாம் 17ஆம் அகலாங்கில் தற்காலிகமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கு ஹோ சி மின் தலைமையிலான கம்யூனிச அரசின் கீழ் வந்தது. விரும்பியவர்கள் எந்தப் பகுதிக்கும் செல்ல 300 நாள் அவகாசம் தரப்பட்டது. அக்கால அளவில் 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். குருக்கள் பலர் தம் பங்கு மக்களுடன் கப்பலேறினர்.

இதே ஆண்டில்தான் இந்தியாவிலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சைகோனில் வணிகத்திலும் அரசுப் பணியிலும் இருந்த புதுச்சேரித் தமிழர்கள் இவ்விரு மாற்றங்களையும் ஒருசேர எதிர்கொண்டனர். மரக்காணத்திற்குத் தெற்கே கையெழுத்துகளால் முடிந்த பிரெஞ்சு ஆட்சி, வியட்நாமில் போராலும் பிரிவினையாலும் முடிந்தது.

தாய் ஹா இல்லத்தின் துறவியருள் பெரும்பாலோர் தெற்கே அனுப்பப்பட்டனர். வடக்கில் தங்கிவிட்ட கத்தோலிக்கருக்காக ஒரு சிலர் மட்டும் அங்கே இருப்பது என முடிவாயிற்று. அப்போது தெற்கில் இருந்த வான், ஹனோய்க்குச் செல்லத் தாமே முன்வந்தார். கம்யூனிச ஆட்சியின் நடுவிலும் இறைவனை அன்பு செய்ய யாராவது இருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். 1954 செப்டம்பர் 14 அன்று அவர் வடக்கே கிளம்பினார். ஓராண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் சென்ற பாதையில் அவர் எதிர்த்திசையில் சென்றார். அக்டோபர் 10 அன்று வியட் மின் படை ஹனோய் நகருக்குள் நுழைந்தது.

கைது

புதிய அரசு சமய வழிபாட்டைச் சட்டப்படி தடை செய்யவில்லை. ஆனால் கத்தோலிக்கர்களைப் பிரெஞ்சு ஆட்சியின் ஆதரவாளர்களாகவும், தெற்கில் ஆட்சிக்கு வந்திருந்த கத்தோலிக்கரான நோ தின் தியெமின் ஆட்களாகவும் அது ஐயுற்றது. 1953 முதல் 1956 வரை நடந்த நிலச் சீர்திருத்தத்தின்போது கிராமங்கள்தோறும் மக்கள் நீதிமன்றங்கள் கூடின, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். இதில் பெருந்தவறுகள் நிகழ்ந்ததை அரசே 1956இல் ஒப்புக்கொண்டது. இத்தகைய சூழலில் தெற்கிலிருந்து வந்த ஒரு துறவி கண்காணிப்புக்கு உள்ளானது வியப்பன்று.

1955 மே 7 அன்று வான் ஹனோய்க் கடைத்தெருவுக்குச் சென்றார். அது டியன் பியன் பூ வெற்றியின் முதல் ஆண்டு நிறைவு நாள். மக்கள் தெற்கே செல்வதற்கான அவகாசம் முடியவும் இரு வாரங்களுக்குக் குறைவாகவே இருந்தது. அங்கே சிலர் தெற்கு அரசைப் பற்றிக் குறை கூறிக்கொண்டிருந்தனர். தாம் தெற்கிலிருந்து வந்தவர் என்றும், அவர்கள் கூறுவது உண்மையல்ல என்றும் வான் மறுத்தார். அதற்காக அவர் கைது செய்யப்பட்டார்.

தெற்கு அரசுக்காகப் பரப்புரை செய்ததாக ஒப்புக்கொள்ளும்படி விசாரணையில் அவர் வற்புறுத்தப்பட்டார். செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார். ஹோவா லோ எனப்படும் ஹனோய் நடுவண் சிறையில் வைக்கப்பட்டார். ஏறக்குறைய ஓராண்டுக்குப்பின் நடந்த வழக்கில் 15 ஆண்டு மறுகல்வித் தண்டனை விதிக்கப்பட்டது. மறுகல்வி என்பது கைதிகளின் அரசியல் கருத்துகளை உடலுழைப்பாலும் பாடங்களாலும் மாற்றும் நோக்கம் கொண்ட முகாம் வாழ்வாகும்.

முகாம் வாழ்வு

முதலில் அவர் மோ சென் முகாமில் இருந்தார். அங்கே கத்தோலிக்கக் கைதிகள் பலர் இருந்தனர். சோர்ந்து போனவர்களும் நம்பிக்கை இழந்தவர்களும் வேலை நேரம் முடிந்தபின் வானைத் தேடி வந்தனர். அவர்களுக்கு ஆறுதல் கூறுவதும், அவர்கள் கேட்பதற்குச் செவிமடுப்பதும் அவர் பொறுப்பாயிற்று. அங்கிருந்து எழுதிய மடலொன்றில், ஒரு சிறு பங்கின் குருவைப் போலத் தமக்கு ஓய்வே இல்லை என்று குறிப்பிட்டார். குருத்துவ ஆசையைச் சிறுவயதிலேயே துறந்துவிட்ட அவர், திருநிலைப்பாடு இன்றியே, முள்வேலிக்குள் அப்பணியின் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருந்தார்.

தம்மால் திருப்பலி நிறைவேற்றவோ நற்கருணை வழங்கவோ இயலாது என்பது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. சக கைதிகளுக்கு நற்கருணை கொண்டுவரும் நோக்குடன் முகாமைவிட்டுத் தப்ப முயன்றார். பிடிபட்டு, அடிக்கப்பட்டு, தனியறையில் அடைக்கப்பட்டார். 1957இல் அவர் யென் பின் முகாமுக்கு மாற்றப்பட்டார். அங்கே கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளியுலகத் தொடர்பு ஏறத்தாழ அற்றுப்போனது. மடல்களும் நின்றன.

இறப்பு

காசநோயும், ஊட்டச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயும் அவரைத் தாக்கின. 1959 ஜூலை 10 அன்று யென் பின் முகாமில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 31. விதிக்கப்பட்ட 15 ஆண்டுகளில் கைதான நாள்முதல் நான்காண்டுகளே கழிந்திருந்தன.

புனிதர் பட்ட நடவடிக்கை

வானின் பெயர் வியட்நாமுக்கு வெளியே பரவ அவரது எழுத்துகளே காரணம். 1997 மார்ச் 26 அன்று பிரான்சின் பெல்லே-ஆர்சு மறைமாவட்டத்தில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான நடவடிக்கை தொடங்கப்பட்டது. அதன் காரணமாக அவர் இறை ஊழியர் என அழைக்கப்படுகிறார். இது அப்படிமுறையின் முதல் நிலை ஆகும்.

இந்நடவடிக்கையின் முதல் வேண்டுகையாளராக இருந்தவர் கர்தினால் பிரான்சிசு சவேரியார் நுயென் வான் துவான் (1928–2002). வான் பிறந்த அதே ஆண்டில் பிறந்த இவர், நாடு ஒன்றிணைந்த கம்யூனிச ஆட்சியின் கீழ் வந்த 1975இல் கைதாகி, 13 ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் இருந்தவர்.

ஒப்பிடத்தக்க பிறர்

20ஆம் நூற்றாண்டில் கம்யூனிச ஆட்சிகளின் கீழ் குருமடங்கள் பல மூடப்பட்டன. அல்பேனியாவில் மார்க் சுனி என்ற குருமாணவர் 1946 மார்ச் 4 அன்று ஷ்கோடர் நகரில் இயேசு சபைக் குருக்கள் உள்ளிட்ட சிலருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 நவம்பர் 5 அன்று அருளாளர் பட்டம் பெற்ற 38 அல்பேனிய மறைசாட்சிகளுள் இவரும் ஒருவர். செக்கோசுலோவாக்கியாவில் 1950 ஏப்ரலில் துறவற இல்லங்கள் ஒரே இரவில் கைப்பற்றப்பட்டன. அங்கே படிப்பை இழந்த குருமாணவர்களை மொராவா ஆற்றைக் கடக்கச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய சலேசிய சபைக் குரு டைட்டசு செமான், 13 ஆண்டுகள் சிறையில் கழித்து 1969இல் இறந்தார். இவருக்கு 2017இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

மதிப்பீடு

மார்செல் வான் அரசியல் தலைவரோ இறையியல் அறிஞரோ அல்லர். அவர் குருப்பட்டம் பெறவில்லை. குருமடத்தில் ஓராண்டுகூட முழுமையாகப் பயிலவில்லை. அவரது கைதுக்குக் காரணமான நிகழ்ச்சியும் கடைத்தெருவில் கூறிய ஓரிரு சொற்களே. ஆயினும் அவர் வாழ்வில் இருமுறை, தப்பிச் செல்லும் வழி திறந்திருந்தபோது துன்பம் உள்ள இடத்திற்கே திரும்பினார். 1770இல் வியட்நாம் குருமாணவர்கள் அடைக்கலம் தேடிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது, தம் பணி அழியாமல் தொடர்வதற்காக. 1954இல் வான் அடைக்கலத்தை விட்டுச் சென்றதும் அதே நோக்கத்திற்காகவே. தப்பிச் சென்றவர்களை அவர் எங்கும் குறை கூறவில்லை. அவரது குடும்பத்தாரும் தெற்கே சென்றவர்களே. போக முடியாமல் தங்கிவிட்டவர்களுடன் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்தது. அவரது தங்கை தே பின்னாளில் இரட்சகர் சபையைச் சார்ந்த பெண்கள் மடத்தில் துறவியானார்.